பாம்பின் கால் தேடி: பாம்புச் சொற்களின் வேர் பிடிக்க ஒரு வழிகாட்டி

கிரேக்க மொழியில் பாம்புக்கு ஓபிஸ் என்று பெயர். லத்தீனில் ஆங்குவிஸ். லிதுவேனிய மொழியில் விரியன் பாம்பு ஆங்கிஸ். சமஸ்கிருதத்தில் அஹி. இந்த நான்கும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஓபிஸுக்கும் அஹிக்கும் ஓர் எழுத்துகூட ஒட்டவில்லையே! ஆனால் நாகமும் ஆங்கிலத்து ஸ்நேக்கும் ஒன்றுதான் என்று அதற்கு முன்பே முடிவு கட்டியிருந்தேன், காதுக்கு ஒன்றுபோலப் பட்டதால். முதலாவது உறுதியானது, இரண்டாவதுதான் ஆட்டம் காணும் ஊகம் என்று தெரிய வந்தபோது இந்தத் துறையின் மீது ஆசை பிறந்தது.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் போன்றவை அடங்கிய மொழிக் குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பியம் என்று பெயர். அதன் சொல்லாராய்ச்சிக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கிரேக்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் வசதியும் உண்டு. சர்ப்பம், சொப்பனம், கிருமி, தரிசனம், ஜீவன் ஆகிய ஐந்து சொற்களும் வடமொழியிலிருந்து வந்து நம் வாயில் புழங்குபவை. பாம்பின் தடத்தைப் பிடிக்க ஐந்துமே உதவும்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. பாம்பு என்பது திராவிடச் சொல். மலையாளத்தில் பாம்பு, தெலுங்கில் பாமு, கன்னடத்தில் ஹாவு. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொதுவான ஒரு மூலம் இருந்திருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் 1786-ல் கல்கத்தாவில் பேசினார். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் போப் 1816-ல் வினைச்சொற்களை வரிசைப்படுத்தி அந்த உறவை நிறுவத் தொடங்கினார். அதே 1816-ல் சென்னையில் எல்லிஸ் துரை, தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனியான ஒரு குடும்பம் என்று எழுதினார். கால்டுவெல்லின் நூல் வந்தது அதற்கு 40 ஆண்டுகள் கழித்து.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான். தமிழில் சர்ப்பம் இருக்கிறது, லத்தீனில் ஸெர்பென்ஸ் இருக்கிறது, ஆகவே தமிழும் லத்தீனும் உறவு என்று எழுதிவிடுகிறார்கள். சர்ப்பம் தமிழுக்குக் கடனாக வந்த சொல். கடன் சொல் உறவுக்குச் சான்றாகாது. ஆனால் பக்கத்து வீட்டைப் பார்க்க நல்ல ஜன்னல். நாம் அந்த ஜன்னலைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

காதைப் பழக்குங்கள்

இந்தத் துறையின் உயிர் ஒலி மாற்றம். அதைப் புரிந்துகொள்ள ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம், ஓசூர் தாண்டினால் போதும். நம் பால் கன்னடத்தில் ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. பூ ஹூவு. புலி ஹுலி. அப்படியானால் பாம்பு? ஹாவு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் 'ப'வில்தான் தொடங்கின. பிறகு சொல்லின் முதலில் வரும் 'ப' ஒட்டுமொத்தமாக 'ஹ' ஆனது.

ஒரே ஒரு சொல்லில் 'ப'வும் 'ஹ'வும் மாறி வந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வரிசையாக மாறி வந்தால் அது சட்டம். ஒலிகள் கிட்டத்தட்ட ஒத்துப்போவதை நம்பாதீர்கள். ஒரே மாதிரி வேறுபடுவதை நம்புங்கள். பாம்பும் ஹாவும் காதுக்குத் தூரம், சட்டத்துக்குப் பக்கம்.

ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மொழி, என்ன வடிவம், என்ன பொருள், அதே ஒலி மாற்றம் வேறு எந்தச் சொல்லில் நடந்திருக்கிறது என்று நான்கு கட்டம். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் மற்ற மூன்றுக்கும் மதிப்பில்லை. அப்புறம் ஒரு குறி: யாரும் எழுதி வைக்காத, நாமாகக் கணித்துச் சொல்லும் மூல வடிவத்துக்கு முன்னால் நட்சத்திரம் இட வேண்டும். எழுத்துச் சான்று உள்ள சொல்லுக்கு நட்சத்திரம் கிடையாது.

அகராதி வேண்டுமே என்பீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மோனியர் வில்லியம்ஸின் சமஸ்கிருத அகராதி கொலோன் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருக்கிறது. ஒரு சொல் கடனா சொந்தமா என்று சந்தேகம் வந்தால் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள்.

எளிய சொல்லில் தொடங்குங்கள்: சர்ப்பம்

சமஸ்கிருதத்தில் ஸர்பதி என்றால் ஊர்கிறது. ஊர்வது ஸர்ப. லத்தீனில் ஸெர்போ என்றால் ஊர்கிறேன், ஸெர்பென்ஸ் என்றால் ஊர்ந்துகொண்டிருப்பது. இவை இரண்டும் பார்த்தவுடனே தெரிகிற உறவு. கிரேக்கத்தில்தான் சிக்கல். அங்கே ஊர்வதற்கு ஹெர்போ என்கிறார்கள். ஊரும் பிராணி ஹெர்பெடான். 'ஸ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹ'.

இப்போது நான்காவது கட்டத்தை நிரப்ப வேண்டும். ஏழு என்ற எண்ணை எடுங்கள். சமஸ்கிருதத்தில் ஸப்த (சப்தஸ்வரம் என்கிறோமே, அது), லத்தீனில் ஸெப்டெம், கிரேக்கத்தில் ஹெப்டா. தூக்கத்தை எடுங்கள். சமஸ்கிருதத்தில் ஸ்வப்ன, அதுதான் நம் சொப்பனம். லத்தீனில் ஸோம்னுஸ், கிரேக்கத்தில் ஹிப்னோஸ். சொல்லின் முதலில், உயிர் ஒலிக்கு முன் வரும் 'ஸ' கிரேக்கத்தில் 'ஹ' ஆகிவிடுகிறது. சரி, ஹெர்பெடான் உள்ளே வரலாம்.

அல்பேனிய மொழியில் பாம்புக்கு கியார்பர் என்று பெயர். முதலில் பார்த்தால் எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் சொல். அதே மொழியில் தூக்கத்துக்கு என்ன சொல் என்று தேடினால் கியூம் என்று வரும். ஸோம்னுஸின் உறவு. 'ஸ' அங்கே 'கிய' போன்ற ஒலியாகிறது. கியார்பரும் குடும்பத்துக்குள் வந்துவிட்டது. இந்த மாதிரி ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சொல் சட்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும்போது கிடைக்கும் மகிழ்ச்சியை நான் வேறெதிலும் கண்டதில்லை.

ஆங்கில மருத்துவத்தில் ஹெர்பிஸ் என்ற நோய்ப் பெயர் வருகிறதே, அதுவும் இந்த வேர்தான். தோலில் ஊர்ந்து பரவுவதால் கிரேக்கர்கள் வைத்த பெயர். நாம் அக்கி என்று சொல்லும் நோய் அந்த வகையைச் சேர்ந்தது.

கடினமான சொல்லுக்கு வாருங்கள்: அஹி

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நான்கு சொற்கள்: அஹி, ஓபிஸ், ஆங்குவிஸ், ஆங்கிஸ். அஹியின் 'ஹ'வில் தொடங்குவோம். சமஸ்கிருதத்தின் 'ஹ' பல இடங்களில் பழைய 'க' வகை ஒலி ஒன்றின் மிச்சம். இதை நிரூபிக்க ராமாயணமே போதும். கொல்வதற்கான சமஸ்கிருத வேர் ஹன். பிரம்மஹத்தி என்று சொல்கிறோமே, அதில் இருப்பது. சத்ருக்கனன் பெயரைப் பிரியுங்கள்: சத்ரு, அதாவது பகைவன், க்ன, அதாவது கொல்பவன். அதே வேர்தான், ஆனால் இங்கே 'ஹ' இல்லை, 'க' இருக்கிறது. பழைய ஒலி ஓர் இடத்தில் ஒளிந்து பிழைத்திருக்கிறது.

மூல ஒலி வெறும் 'க' அல்ல. உதட்டைக் குவித்துக்கொண்டு, மூச்சை அழுத்திச் சொல்லும் ஒரு 'க்வ'. உதட்டையும் தொண்டையையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிற ஒலி நீண்ட காலம் தாங்காது. சில மொழிகள் உதட்டை வைத்துக்கொண்டு தொண்டையை விட்டுவிட்டன, சில மொழிகள் தொண்டையை வைத்துக்கொண்டு உதட்டை விட்டுவிட்டன. கிரேக்கம் முதல் வகை, அதனால் ஓபிஸில் 'ப'. லிதுவேனியம் இரண்டாவது வகை, அதனால் ஆங்கிஸில் 'க'. லத்தீன் இரண்டையும் பிடித்துக்கொண்டது, ஆங்'குவி'ஸ்.

நான்காவது கட்டம்? பனி. லத்தீனில் பனி பொழிகிறது என்பதற்கு நிங்குவிட். கிரேக்கத்தில் பனி நிபா. லிதுவேனியத்தில் ஸ்னியேகஸ். குவ, ப, க. பாம்பில் நடந்தது அப்படியே பனியிலும் நடந்திருக்கிறது. பாம்புக்கும் பனிக்கும் பொருளில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அதனால்தான் இந்தச் சான்று இவ்வளவு வலுவானது.

இன்னொரு முடிச்சு பாக்கி இருக்கிறது. லத்தீனிலும் லிதுவேனியத்திலும் உள்ள 'ங்' கிரேக்கத்தில் எங்கே? போலிஷ் மொழியில் பாம்பு வொன்ஷ், அங்கும் மூக்கொலி இருக்கிறது. ரஷ்யனில் அது தேய்ந்து ஊஷ் என்று நிற்கிறது. மூல மொழியிலேயே மூக்கொலி உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டு வடிவங்கள் இருந்தன என்பது அறிஞர்களின் பொதுவான போக்கு. ஏன் இரண்டு என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. உங்கள் நோட்டில் இந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு மேலே போங்கள். கேள்விக்குறியே இல்லாத நோட்டு நேர்மையான நோட்டு அல்ல.

இந்தச் சொல்லை நான் இவ்வளவு விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு. ரிக் வேதத்தின் முதல் மண்டலம், 32-ஆவது பாடல், இந்திரன் விருத்திரனைக் கொன்றதைப் பாடுகிறது. அதில் அஹன் அஹிம் என்று வருகிறது: பாம்பைக் கொன்றான். பழைய ஈரானின் அவெஸ்தா நூலில் ஒரு வீரன் மூன்று வாய் கொண்ட அஜி தஹாகாவைக் கொல்கிறான். ஜனத் அஜீம் என்று வரும். ஒலி மாறியிருக்கிறது, தொடர் மாறவில்லை. அஹன், ஜனத் இரண்டும் அந்த ஹன் வேர். அஹிம், அஜீம் இரண்டும் அந்தப் பாம்பு. தனிச் சொல் மட்டுமல்ல, ஒரு முழுச் சொற்றொடரே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாட்டில் தங்கியிருக்கிறது. கால்வர்ட் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த ஒரு சொற்றொடரைப் பல மொழிகளில் பின்தொடர்ந்து 1995-ல் பெரிய நூலே எழுதினார். அஜி தஹாகாதான் பின்னாளில் பாரசீகத்தில் அஜ்தஹா, அதாவது பெரும் பாம்பு என்ற பொதுச் சொல்லானது. அங்கிருந்து உருதுவுக்கும் வந்தது.

அச்சத்தைக் கணக்கில் எடுங்கள்

ஒலிச் சட்டம் மட்டும் தெரிந்தால் தாய், தந்தை, எண்கள் போன்ற சொற்களில் நன்றாகத் தேறிவிடலாம். பாம்பில் பாதி வழியில் நின்றுவிடுவீர்கள். காரணம், மக்கள் பாம்பின் பெயரைச் சொல்லப் பயந்தார்கள். பயந்து வேறு பெயர் வைத்தார்கள். அந்த வேறு பெயரே நாளடைவில் பெயராகிவிட்டது. பிறகு அதையும் சொல்லப் பயந்தார்கள்.

நமக்கு இது தெரிந்த விஷயம்தான். எங்கள் பாட்டி இருட்டிய பிறகு பாம்பு என்ற சொல்லை வீட்டில் எடுக்க விடமாட்டார். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். 'கொல்லைப் பக்கம் பூச்சி போச்சு, பார்த்துப் போ' என்பார். நம் ஊரின் கொடிய பாம்புகளில் ஒன்றுக்கு நல்ல பாம்பு என்று பெயர் வைத்திருக்கிறோமே, அதுவும் இதே மனம்தான். வங்காளத்தில் இரவில் பாம்பை லதா, அதாவது கொடி என்பார்கள்.

இப்போது ஸ்லாவிய மொழிகளுக்குப் போங்கள். ரஷ்யனில் பாம்பு ஸ்மெயா. நிலம் ஸெம்ல்யா. பாம்பின் பெயருக்கு 'மண்ணைச் சேர்ந்தது' என்று பொருள். பழைய பெயரின் வாரிசான ஊஷ், தீங்கற்ற தண்ணீர்ப் பாம்பு ஒன்றுக்கு மட்டும் ஒதுங்கிக்கொண்டது. பயமில்லாத பாம்புக்குப் பழைய பெயரை வைத்துக்கொள்ளலாம் அல்லவா!

லிதுவேனியத்தில் பாம்பின் பொதுப் பெயர் கிவாடே. கிவஸ் என்றால் உயிருள்ள. அந்தச் சொல்லின் சமஸ்கிருத உறவு ஜீவ, நம் ஜீவன். ஆக லிதுவேனியர்கள் பாம்பை 'ஜீவன்' என்று அழைக்கிறார்கள். அந்த நாடு கிறிஸ்தவத்தை ஏற்றது 1387-ல்தான். அதன் பிறகும் வெகுகாலம் அந்த ஊர் மக்கள் நஞ்சற்ற பாம்புகளை வீட்டோரம் வைத்துப் பால் ஊற்றினார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. புற்றுக்குப் பால் ஊற்றிய நம் பாட்டிமார்களுக்கு அந்த வீட்டில் எதுவும் அந்நியமாகத் தோன்றியிருக்காது. லத்தீனின் விபெரா, ஆங்கிலத்தின் வைப்பர், இதையும் 'உயிரோடு ஈனுவது' என்றே வழக்கமாக விளக்குகிறார்கள். முதல் பாதியில் இருப்பது அதே ஜீவன். கண்ணாடி விரியன் குட்டி போடும் பாம்பு என்பதை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.

சர்ப்பத்தையும் திரும்பிப் பாருங்கள். ஊர்வது என்பது பெயரா? அதுவும் மறைபெயர்தான். சமஸ்கிருதத்தில் இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது: மார்பால் செல்வது உரகம், வளைந்து செல்வது புஜங்கம். லத்தீனின் பிள்ளைகளான பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் பழைய ஆங்குவிஸைப் பின்னுக்குத் தள்ளி ஸெர்பென்ஸ்தான் பாம்பின் பெயராக நின்றது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ட்ராகன். கிரேக்கத்தில் ட்ராகோன் முதலில் பெரும் பாம்புதான். இறக்கையும் நெருப்பு மூச்சும் பிறகு வந்து ஒட்டியவை. டெர்கோமாய் என்றால் கூர்ந்து பார்க்கிறேன். அந்த வேரிலிருந்து ட்ராகோன், 'உற்றுப் பார்ப்பது'. பாம்புக்கு அசையும் இமை கிடையாது, கண் மூடாது. பயந்தவனுக்கு அந்தப் பார்வைதான் மனதில் நிற்கும். இப்போது கிரேக்கத்தின் 'க' சமஸ்கிருதத்தில் 'ச'வாக வரும் வரிசையைப் பாருங்கள். பத்து கிரேக்கத்தில் டெகா, சமஸ்கிருதத்தில் தச, நம் தசாவதாரம். அப்படியானால் டெர்க்? தர்ச். தரிசனம்! கண் திருஷ்டியின் திருஷ்டியும் அதே வேர். கோயிலில் நாம் செய்யும் தரிசனமும் கிரேக்கனின் ட்ராகனும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்த நாளில் அன்று முழுவதும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

பழைய மக்கள் புழு, பாம்பு, ட்ராகன் மூன்றையும் இன்றைய விலங்கியல்போலப் பிரிக்கவில்லை. காலில்லாமல் நெளிவதெல்லாம் ஒரு கூட்டம். பழைய ஆங்கிலத்தில் வ்யுர்ம் என்றால் பாம்பு, ட்ராகனும்கூட. இன்று அது வோர்ம், மண்புழு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஸ்வீடிஷ் மொழியில் அதே சொல் ஓர்ம், இன்றும் பாம்புதான். ஆகவே பொருள் கட்டத்தில் 'பாம்பு' என்று எழுதியதோடு நிறுத்தாமல் புழு, பூச்சி, விலாங்கு, பல்லி என்று பக்கத்து வீடுகளிலும் தேடுங்கள். பாம்பைப் பூச்சி என்ற பாட்டி இந்தப் பாதைக்குப் புதியவர் இல்லை.

வோர்முக்கு லத்தீன் உறவு வெர்மிஸ். இதோடு ஒலி இயைந்து, ஆனால் முதல் எழுத்து மட்டும் மாறி இன்னொரு கூட்டம் நிற்கிறது. சமஸ்கிருதத்தில் க்ருமி, பாரசீகத்தில் கெர்ம், லிதுவேனியத்தில் கிர்மிஸ், பழைய ஐரிஷில் க்ருயிம், வெல்ஷில் ப்ரிவ். வெல்ஷின் 'ப'வைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்கு என்ற எண் பழைய ஐரிஷில் கெதிர், வெல்ஷில் பெட்வார். வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் வெர்மிஸுக்கும் க்ருமிக்கும் நடுவே எந்தச் சட்டமும் இல்லை. வெறுப்பாலும் அச்சத்தாலும் மக்களே சொல்லின் தலையை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். சட்டம் கைவிடும் இடத்தில் மனிதர்களை நினைக்க வேண்டியிருக்கிறது.

நம் கிருமி இந்த க்ருமியேதான். இன்று நாம் கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமியை மட்டும் நினைக்கிறோம், பழைய பொருள் புழு. வைணவ குருபரம்பரைக் கதைகளில் ராமானுஜரைத் துன்புறுத்திய மன்னனுக்குக் கிருமிகண்ட சோழன் என்று பெயர் வந்ததே, கழுத்தில் புழு வைத்தவன் என்ற பொருளில்தான்.

இந்த இரண்டு புழுக்களும் சிவப்பு நிறத்தில் சந்தித்துக்கொள்கின்றன. செடிகளில் ஒட்டி வாழும் சில சிறு பூச்சிகளை உலர்த்தி நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். க்ருமியின் உறவுச் சொல் பாரசீகம் வழியாக அரபியில் கிர்மிஸ் ஆகி, ஐரோப்பாவில் கிரிம்ஸன் என்ற நிறப் பெயரானது. வெர்மிஸிலிருந்து 'சின்னப் புழு' என்ற பொருளில் வெர்மிகுலுஸ் வந்து, வெர்மிலியன் என்ற நிறப் பெயரும் போர்த்துகீசியத்தின் வெர்மெல்யு, அதாவது சிவப்பும் பிறந்தன. போலந்தில் ஜூன் மாதத்தின் பெயரே செர்வியெத்ஸ். புழுக் குடும்பத்தின் ஸ்லாவியக் கிளை. சாயப்பூச்சி சேகரிக்கும் மாதம்.

சொல் எங்கே வெட்டுப்பட்டது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் ஆடர் என்றொரு பாம்பு. இதன் உறவுகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் முதல் எழுத்து காணாமல் போயிருக்கிறது. பழைய வடிவம் நாட்ரே. 'எ நாடர்' என்று சொல்லிச் சொல்லி 'அன் ஆடர்' என்று பிரித்துவிட்டார்கள். 'ந'வைத் திருப்பி வைத்ததும் உறவுகள் வரிசையாக வருகின்றன: ஜெர்மனில் நாட்டர், லத்தீனில் நாட்ரிக்ஸ், பழைய ஐரிஷில் நாதிர்.

இதே விபத்து ஒரு திராவிடச் சொல்லுக்கும் நடந்திருக்கிறது. நாரத்தையின் உறவான நாரங்க, பாரசீகம், அரபி வழியாக ஸ்பெயினில் நாரஞ்சா ஆனது. இத்தாலியிலும் பிரான்சிலும் 'ஒரு' என்ற சொல்லின் 'ன'வோடு ஒட்டிக்கொண்டு தன் 'ந'வை இழந்து, ஆரஞ்சு என்று நம்மிடமே திரும்பி வந்தது.

ஏமாற்றும் சொற்கள்

நாகம், ஸ்நேக் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். ஸ்நேக்குக்கு ஜெர்மானிய மொழிகளில் நல்ல உறவுகள் உண்டு. ஊர்வதைக் குறிக்கும் பழைய ஜெர்மன் வினை ஒன்றும் உண்டு. நாகத்தை அதோடு சேர்த்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கிரேக்கம், லத்தீன், லிதுவேனியம் அடங்கிய பால்டிக் கிளை என்று நடுவில் நிற்க வேண்டிய சாட்சிகள் இல்லை. இரண்டே சாட்சிகளை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். 'இருக்கலாம்' என்ற கட்டத்தில் வையுங்கள்.

கோப்ரா இன்னொரு மாதிரி. போர்த்துகீசியத்தில் கோப்ரா என்றால் வெறும் பாம்பு. லத்தீனின் கொலுப்ரா தேய்ந்து வந்தது. நம் கடற்கரைகளுக்கு வந்த போர்த்துகீசியர் நல்ல பாம்பைப் பார்த்து 'முக்காடு போட்ட பாம்பு', கோப்ரா டி கபேலோ என்றார்கள். முக்காடு உதிர்ந்துவிட்டது, பாம்பு மட்டும் ஆங்கிலத்துக்குப் போனது.

அனகோண்டா தென் அமெரிக்கப் பாம்பு, ஆனால் பெயர் இலங்கையிலிருந்து போனது. 1693-ல் ஜான் ரே என்ற ஆங்கில இயற்கை அறிஞர் தன் லத்தீன் நூலில் எருமையை நொறுக்கும் இலங்கைப் பாம்பு என்று அனகண்டயா என்ற பெயரைப் பதிந்திருக்கிறார். இதை ஆனைக்கொன்றான் என்ற தமிழ்ச் சொல்லாக விளக்கியவர்கள் உண்டு. சிங்களத்தில் ஹெனகந்தயா என்று ஒரு பாம்பின் பெயர் இருக்கிறது, அதுதான் மூலம் என்பவர்களும் உண்டு. தமிழனாக எனக்கு முதல் விளக்கம் இனிக்கிறது. இனிப்பது என்பதற்காக மட்டுமே அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு பயிற்சி

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. சொல்லிலும் அது அப்படித்தான். விலாங்கு லத்தீனில் ஆங்குவில்லா, கிரேக்கத்தில் எங்கெலிஸ், லிதுவேனியத்தில் உங்குரிஸ், ரஷ்யனில் ஊகர், போலிஷில் வெங்கோஷ். முதலில் ஒவ்வொன்றையும் அதே மொழியின் பாம்புச் சொல்லோடு பக்கத்தில் வைத்து எழுதுங்கள். ஆங்குவிஸ்–ஆங்குவில்லா அழகாகப் பொருந்தும். பிறகு கிரேக்கத்தில் நில்லுங்கள். பனியிலும் பாம்பிலும் 'ப' வந்ததே, இங்கே ஏன் 'க' வருகிறது? சில மொழிகளில் 'ல', சில மொழிகளில் 'ர', அது ஏன்? பின்னிஷ் மொழியிலும் விலாங்கு ஆங்கேரியாஸ். அந்த மொழி இந்தக் குடும்பமே அல்ல. அப்படியானால் அது பட்டியலில் எந்தக் கட்டத்தில் உட்கார வேண்டும்? நம் சர்ப்பத்துக்கு எந்த இடம் கொடுத்தோமோ, அதே கடன் கட்டம்தான். பால்டிக் அண்டை வீட்டாரிடம் வாங்கியது.

மற்ற இரண்டு கேள்விகளோடு ஒரு வாரம் இருங்கள். பக்கத்தை நிரப்பும் அவசரத்தில் மூல வடிவம் ஒன்றைக் கணித்து நட்சத்திரம் மட்டும் இட்டுவிடாதீர்கள். அது கடைசியில் வர வேண்டியது.